நாலடி நடந்தால் கூப்பிடுவார்கள்

மன நிம்மதியின் விலை யூனிட்டுக்கு மூன்றே கால் ஃபில்ஸ். வாட் வரி தனி.

பளிச்சென்ற பலகையில் அப்படித்தான் போட்டிருந்தது. எழுத்துக்குக் கீழே ஒரு குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. யேசுராஜ் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, எந்தச் சரக்கின் முன்னால் நின்றாலும் தம் வாயில் தானாக வந்துவிடும் கேள்வியைக் கேட்டார்.

“கடைசி வெல என்ன மக்களே?”

கவுண்டருக்குப் பின்னாலிருந்த பெண்ணின் சட்டையில் ‘சப்ரீனா, மகிழ்ச்சி அலுவலர்’ என்று ஒரு பித்தளைப் பட்டை மின்னியது. கொழும்புப் பக்கத்துப் பெண். மகிழ்ச்சி அவள் உத்தியோகத்தில் இருந்தது. முகத்தில் தூக்கக் கலக்கம் இருந்தது.

“அதுதான் அங்கிள் கடைசி வெல. நிம்மதி வேணாமெண்டா வெறும் கரண்ட் மட்டும் எடுக்கேலும். ஆனா வருச ஒப்பந்தம் போடாட்டி அதுட ரேட் எப்ப ஏறும், எப்ப எறங்கும் எண்டு எங்களுக்கே தெரியா.”

“நிம்மதின்னா என்னது, கரண்டு போவாதா?”

“போகும் அங்கிள். போனா உங்களுக்கு மெசேஜ் வரும்.”

இது நடந்தது எந்த எமிரேட்டில் என்று கேட்கவேண்டாம். கடலோரமாக வேலி போட்ட ஒரு ஃப்ரீ ஸோன். பெயரைச் சொன்னால் சொன்னதற்கு ஒரு கட்டணம் இருக்கக்கூடும். வேலிக்கு உள்ளே வெளிநாட்டுக்காரன் கஃபீல் என்கிற உள்ளூர் ஸ்பான்சரின் தயவில்லாமல் தன் பெயரிலேயே கம்பெனி நடத்தலாம். அந்த ஒரு சலுகைக்காகத்தான் யேசுராஜ், சவூதியில் யான்புவில் குளிர்சாதன மெக்கானிக்காக இருந்து சேர்த்த காசையும், மனைவி லிண்டா நர்ஸ் வேலையில் சேர்த்ததையும் ஒன்றாகக் கொட்டி, ‘கடல் விண்மீன் ஐஸ்’ என்று பலகை மாட்டினார். மூன்று கம்ப்ரஸர், ஒரு குளிர் அறை, ஒன்பது பேருக்கு விசா. குளிர் அறையில் கிடந்த நெய்மீனும் இறாலும் அவருடையவை அல்ல. மார்க்கெட் வியாபாரிகள் ‘யேசு பாய்’ என்ற ஒரு வார்த்தையை நம்பி இறக்கிவிட்டுப் போன சரக்கு.

ஐஸ் வியாபாரத்துக்குக் கச்சாப் பொருள் தண்ணீரும் கரண்டும்தான். தண்ணீர் டேங்கரில் வரும். கரண்ட் விலை கைமீறினால் ஒவ்வொரு ஐஸ் கட்டியும் நஷ்டம். கரண்ட் நின்றே போனால் ஊரான் மீன் நாறும். எது நடந்தாலும் யேசுராஜ் நடுத்தெருவில். அதிலும் ஆகஸ்டு மாதத்து நடுத்தெரு.

அதுவரை கரண்ட் கொடுத்தது ஒரே கம்பெனி. யூனிட்டுக்கு இருபத்துநாலு ஃபில்ஸ், கால் திர்ஹம்கூட இல்லை. பில் வரும், திட்டிக்கொண்டே கட்டுவார்கள், விளக்கு எரியும். இப்படியொரு அநாகரிகம் தங்கள் மூக்குக்குக் கீழே நடந்துகொண்டிருப்பதை அதிகாரிகள் ஒருநாள் கண்டுபிடித்தார்கள். எல்லோருக்கும் அறிவிப்பு வந்தது: ‘வாழ்த்துகள். ஒன்றாம் தேதி முதல் நீங்கள் சுதந்திரமானவர். பதினாலு மின்விற்பனைக் கம்பெனிகளில் உங்களுக்குப் பிடித்ததை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுக்காதவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’

ஃபாக்டரியில் கம்ப்ரஸர் பார்க்கிற கார்மேகம், முதுகுளத்தூர்க்காரன், இதைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“அப்ப பதினாலு கம்பெனிக்காரய்ங்களும் தனித்தனியா கம்பி இழுப்பாய்ங்களாண்ணே?”

“கம்பி ஒண்ணுதாம்ல. மீட்டரும் ஒண்ணுதான்.”

“கரண்டு?”

யேசுராஜ் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். வேலியோரம் பவர் ஸ்டேஷனின் ஒற்றைப் புகைக்குழாய் நின்றது. “அதுவும் ஒண்ணுதான்.”

“அப்ப பதினாலு என்னதுண்ணே?”

“பில்லு.”

சுதந்திரத்தை வாங்குவதற்கென்றே மின்சாரச் சந்தை மண்டபம் என்று ஒன்று கட்டியிருந்தார்கள். பழைய காலத்து அரபுக் கடைத்தெருவான சூக் மாதிரியே இருக்கவேண்டும் என்று இத்தாலியிலிருந்து ஆள் வரவழைத்துச் செய்த வேலை. காற்றுக் கோபுரம் இருந்தது. அதற்குள் ஏசி ஓடியது. பேரீச்சமரத் தூண்கள் சிமெண்டில் நின்றன. கையில் பித்தளைக் கூஜாவோடு ஒருவன் காவா என்கிற அரபுக் காபி ஊற்றிக் கொடுத்தான். பதினாலு கம்பெனிகளும் பதினாலு கடைகள். பருந்துத் திட்டம், முத்துத் திட்டம், ஒட்டகத் திட்டம் என்று பெயர்கள். ஒன்றில் ராத்திரி கரண்ட் இலவசம், பகலில் தொட்டால் சுடும். இன்னொன்று சூரிய மின்சாரம். அது ராத்திரியும் சூரியனிலிருந்துதான் வருகிறது என்று சான்றிதழ் தந்தார்கள்.

மற்ற வியாபாரிகள் மிரண்டுபோய் நின்றார்கள். யேசுராஜுக்கோ உள்ளே நுழைந்ததுமே உயிர் வந்துவிட்டது. சந்தை என்று வந்துவிட்டால் அவருக்கு என்ன பயம்? குளச்சல் கடற்கரையில் கருவாட்டு மொத்த வியாபாரியின் மகனாகப் பிறந்தவர். பல் முளைப்பதற்கு முன்னால் பேரம் முளைத்த வாய். அங்கே கற்றதைத்தான் யான்பு பஜாரிலும் துபாய் தங்கக் கடையிலும் காட்டி ஜெயித்திருக்கிறார். பேரத்தில் பேச்சு பாதி, நடை பாதி. பேசிப் பேசிப் பார்த்துவிட்டு, ‘உன் சரக்கு எனக்கு வேண்டாம்’ என்று முதுகைக் காட்டி நடக்கவேண்டும். வேகமாக நடந்தால் கோபம் என்று விட்டுவிடுவான். மெதுவாக நடந்தால் ஆசை என்று கண்டுகொள்வான். வேறு கடைக்குப் போகிறவன் நடை ஒன்று இருக்கிறது. அந்த நடையில் நாலடி வைத்தால் போதும், பின்னாலிருந்து குரல் வரும். முதலில் கூப்பிட்டவன் தோற்றான். அவ்வளவுதான் உலகப் பொருளாதாரம்.

“சரி, நிம்மதி வேண்டாம்” என்றார் சப்ரீனாவிடம். “ வெறும் கரண்டு, ஒரு வருசத்துக்கு ஒரே ரேட்டு. எவ்வளவு?”

“இருவத்தேழு ஃபில்ஸ் அங்கிள்.”

“பழைய கம்பெனி இருவத்துநாலுக்கு தந்தான்.”

“அது ஏகபோகம் அங்கிள். இது போட்டி. போட்டிக்குச் செலவு இரிக்கிதானே.”

“பத்தொம்பது.”

“அங்கிள், இது ஸ்க்ரீன்ல வாற வெல. எனக்குக் குறைக்கேலா.”

“உனக்க மேனேஜர்ட்ட கேளு. மாசாமாசம் எம்புட்டு கரண்டு எடுக்குதேன்னு பாரு. நான் ரெண்டு பல்பு எரிக்கவன் இல்ல கேட்டியா.”

“மேனேஜருக்கும் இதே ஸ்க்ரீன்தான் அங்கிள்.”

யேசுராஜ் உதட்டைப் பிதுக்கினார். நாற்காலியை மெல்லப் பின்னுக்குத் தள்ளினார். எழுந்தார். “அப்பம் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, வேறு கடைக்குப் போகிறவன் நடையில் நடந்தார். குரல் வரவில்லை. வாசல்வரை வந்தும் வரவில்லை. கண்ணாடிக் கதவு திறந்து, நெருப்புக் காற்று முகத்தில் அடித்து, அவர் காரை அடைவதற்குள் ஃபோன் முணுமுணுத்தது.

‘அன்பான வாடிக்கையாளரே, நீங்கள் எங்களைப் பிரிந்து சென்றது வருத்தமளிக்கிறது. தயவுசெய்து திரும்பி வந்து உங்கள் தேர்வை உறுதிப்படுத்துங்கள்.’

காருக்குள் ஏசி பிடிப்பதற்கு முன்னாலேயே அவர் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. ஃபாக்டரிக்கு வந்ததும் கார்மேகத்திடம் ஃபோனை நீட்டினார்.

“பாத்தியா? கூப்புடுதான்.”

“போயி வாங்கிப்புடலாமாண்ணே?”

“உடனே போனா இருவத்தாறரைம்பான். கெடக்கட்டும்.”

மறுநாள் இன்னொன்று வந்தது. ‘உங்களுக்காக இன்னும் காத்திருக்கிறோம்.’ யேசுராஜ் அதைப் படித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். வாரக் கடைசியில் மூன்றாவது. ‘இது இறுதி அழைப்பு.’

“அண்ணே, இறுதின்னு போட்ருக்காய்ங்கண்ணே.”

“எலேய், கருவாட்டு யாபாரி ஒரு நாளைக்கு எத்தன தடவ ‘இதான் கடைசி’ம்பான் தெரியுமா? ரேட்டு இப்பம் இருவதுக்கு எறங்கியிருக்கும். பாத்துக்கிட்டே இரு.”

பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்றாம் தேதி காலையில் நாலாவது செய்தி வந்தது.

‘வாழ்த்துகள்! மின்சாரத்தை மறுக்கும் உரிமையை நீங்கள் வெற்றிகரமாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். உங்களைக் கைவிட எங்களுக்கு மனமில்லை. இன்று முதல் நீங்கள் அடைக்கல மின்சாரத் திட்டத்தில் இருக்கிறீர்கள். யூனிட் தொண்ணூற்றொரு ஃபில்ஸ்.’

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இருபத்துநாலிலிருந்து தொண்ணூற்றொன்றுக்கு மாறிய அந்தக் கணத்தில், ஃபாக்டரியில் ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை. அதே புகைக்குழாய், அதே கம்பி. கம்ப்ரஸர் மூன்றும் ஒன்றுமறியாத மாடுகளைப்போல் உறுமிக்கொண்டு நின்றன.

யேசுராஜ் மண்டபத்துக்கு ஓடினார். இந்தத் தடவை நடையைப் பற்றிய நினைப்பே இல்லை.

“மக்களே, இருவத்தேழே போட்டுரு. கையெழுத்து எங்க?”

சப்ரீனா ஸ்க்ரீனை அவர் பக்கம் திருப்பினாள். அதில் யேசுராஜின் முதுகு தெரிந்தது. கம்பீரமாக வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“இந்தா பாருங்க அங்கிள், நீங்க எழும்பிப் போறீங்க. வெலய கேட்டுப் போட்டு, முதுகு காட்டி, வாசலத் தாண்டினா சிஸ்டத்துல ‘தகவலறிந்த மறுப்பு’ எண்டு விழும்.”

“முதுகு காட்டுனது வெலயக் குறைக்கதுக்கும்மா!”

“அதுக்கு எங்கட சிஸ்டத்துல பட்டன் இல்ல அங்கிள்.”

“சூக் மாதிரிதானே கெட்டி வச்சிருக்கிய? கூஜாவெல்லாம் வச்சி?”

“அது டிசைன் அங்கிள்.”

அடைக்கலத்திலிருந்து வெளியே வர முடியாதா என்று கேட்டார். வரலாம். ஆறு மாதம் கழித்து. விதி அச்சிட்டே வைத்திருந்தார்கள்: ‘அடைக்கலம் தேடி வந்தவரை ஆறு மாதத்துக்குள் வெளியே அனுப்புவது இம்மண்ணின் விருந்தோம்பல் மரபுக்கு இழுக்காகும்.’ அதுபோக, மின்சாரத்தை ஒரு தடவை மறுத்தவருக்குத் தேர்ந்தெடுக்கும் பக்குவம் இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். அதற்கு ஒரு நாள் பயிற்சி. கட்டணம் எழுநூற்றைம்பது திர்ஹம்.

பயிற்சி வகுப்பில் பேக்கரிக்காரர், சலவைக்கடைக்காரர், டயர் கடைக்காரர் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எங்கேயோ ஒரு கடையில் எழுந்து நடந்தவர்கள்தான். அஃபீஃபா என்ற பயிற்சியாளர், வயது இருபத்தைந்துக்குள் இருக்கும், முதல் கேள்வியாக மின்சாரம் என்றால் என்ன என்று கேட்டார். பேக்கரிக்காரர் அடுப்பு என்றார். யேசுராஜ், “தொட்டா அடிக்கும்” என்றார். இரண்டும் தவறு. ‘மின்சாரம் என்பது ஓர் உறவு’ என்பதுதான் சரியான விடை. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். மாலையில் சான்றிதழ் கொடுத்துக் கைகுலுக்கி அனுப்பினார்கள். சான்றிதழ் ஒன்றாம் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குச் செல்லும்; அதாவது அடைக்கலம் முடிகிற அன்று அதுவும் முடிந்துவிடும்.

கூட வந்த டயர் கடைக்காரர்தான் ரெங்கராஜை அறிமுகம் செய்தார். மின்சார ஆலோசகர். பொள்ளாச்சிக்காரர். அந்த வெயிலிலும் கோட்டு போட்டிருந்தார், வேர்க்கவில்லை.

“ஒளிவுமறைவே கெடையாதுங்க சார். உங்க சார்பா நான் பதினாலு கம்பெனிகிட்டயும் பேசுவனுங்க. எனக்கு நீங்க ஒத்தப் பைசா தர வேண்டாமுங்க. கம்பெனி தரும்.”

“எம்புட்டு தருவான்?”

“உங்க பில்லுல நூத்துக்கு ரெண்டுங்க.”

“அப்பம் எனக்க பில்லு ஏறுனா உமக்கு நல்லது.”

“அப்புடிப் பாக்கக்கூடாதுங்க. நாம ரெண்டு பேரும் ஒரே படகுல போறமுங்க.”

“படகு முங்குனா?”

“நான் கரையில நின்னுதானுங்க வழி காட்டறேன்.”

கடலோரத்தில் பிறந்த மனிதருக்கு இந்தப் பதில் புரிந்திருக்கவேண்டும். ஆனால் முங்குகிறவன் பிடிக்கிற கை யாருடையது என்று பார்ப்பதில்லை. ரெங்கராஜ் ஒரு யோசனை சொன்னார்: ரேட்டு குறையாவிட்டால் உபயோகத்தைக் குறையுங்கள். மூன்று கம்ப்ரஸரில் இரண்டை நிறுத்துங்கள். குளிர் அறைக்கும் கொஞ்சம் ஐஸுக்குமாக ஒன்று ஓடட்டும்.

ஜூலை முழுக்க அப்படியே செய்தார்கள். ஐஸ் உற்பத்தி மூன்றில் ஒன்றானது. வாடிக்கைப் படகுக்காரர்கள் வேலிக்கு அந்தப்புறம் போய் ஐஸ் வாங்கத் தொடங்கினார்கள். அங்கே, ரோட்டைக் கடந்தால், ஹிஃப்ஸா கோல்டு ஸ்டோர் இருந்தது. அங்கே சுதந்திரம் இன்னும் வரவில்லை. பாவம், ஒரே கம்பெனி, ஒரே விலை. மாசக் கடைசியில் யேசுராஜுக்கு வந்த பில், அவர் எரிக்காத கரண்டுக்கும் சேர்த்து வந்திருந்தது.

மண்டபத்தில் விளக்கம் கேட்டார். சப்ரீனா, வாசித்துக் காட்டவேண்டியதை வாசித்துக் காட்டினாள். “‘உங்கள் வழக்கமான உபயோகத்தைக் கணித்து, உங்களுக்கான மின்சாரத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தோம். நீங்கள் வந்து எடுத்துக்கொள்ளவில்லை.’”

“எங்க வாங்கி வச்சிருந்திய? கோணியிலயா?”

“எனக்குத் தெரியா அங்கிள். இதத்தான் வாசிக்கச் சொல்லி இரிக்கி.”

“கல்யாணத்துக்கு எலக்கணக்குச் சொல்லிப்புட்டு ஆளு வராமப் போனா சோத்துக்குக் காசு கட்டணுமில்லண்ணே, அது மாதிரி” என்று கார்மேகம் ஃபாக்டரியில் விளக்கினான். அவனுக்குப் புரிந்துவிட்டதே என்பதில் யேசுராஜுக்கு இன்னும் வயிறெரிந்தது.

ஆகவே ஆகஸ்டில், அபராதத்துக்குப் பயந்து மூன்று கம்ப்ரஸரையும் போட்டார்கள். ஐஸ் கட்டி கட்டியாக விழுந்தது. வாங்க ஆளில்லை. வைக்க இடமில்லை. நிறுத்தினால் எரிக்காததற்கு அபராதம்; ஓட்டினால் எரித்ததற்குப் பில். உருகி ஓடட்டும் என்று வாசலில் போட்டால், சாலையை நனைத்த குற்றத்துக்கு முனிசிபாலிட்டிக்காரன் வருவான். கடைசியில் கார்மேகம்தான் பிக்கப்பை எடுத்து ஐஸைப் பக்கத்து லேபர் கேம்ப்பில் கொண்டு போட்டான்.

கேம்ப்பில் அன்று திருவிழா. டியூட்டி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆட்கள் பாத்திரமும் வாளியுமாக ஓடி வந்தார்கள். தண்ணீர்த் தொட்டி கொதிக்கிற மாதத்தில் ஐஸ் போட்டுக் குளித்தார்கள். ஒரு பீகார்க்காரன் ஐஸ் கட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். ‘யேசு பாய் ஜிந்தாபாத்’ என்றார்கள். யேசுராஜ் கார்க் கண்ணாடியை இறக்காமல் உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொரு கட்டியும் உருக உருக, லிண்டாவின் நைட் டியூட்டிகள் ஒவ்வொன்றாகச் சாக்கடையில் இறங்குவதுபோல் இருந்தது. அத்தனை பேர் சிரிக்கிறார்களே, அதில் சந்தோஷப்படவும் முடியாமல் போயிற்றே என்று தம்மீதே கோபம் வந்தது.

அந்த மாதப் பில்லில் எரிக்காத அபராதம் இல்லை. அதற்குப் பதில், மூன்றையும் ஒரே நேரத்தில் ஓட்டியதற்காக உச்சநேர அபராதம் இருந்தது.

“இப்ப என்ன செய்யணும்கிய?” என்று ரெங்கராஜைக் கேட்டார்.

“ரொம்ப நல்லாப் போய்ட்டிருக்குதுங்க சார்” என்றார் ரெங்கராஜ். அவர் புதுக் கார் வாங்கியிருந்தார்.

வீட்டில் லிண்டா பழுப்புக் கவர் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஊரில் வீட்டுக்கு மாடி எடுக்க வைத்திருந்த பணம். “இத வச்சி ஓட்டுங்க. பெறவு பாக்கலாம்.”

“இது எம்புட்டு நாளைக்கு வரும்னு நெனைக்க?”

“நாளு எண்ணவா வச்சேன்? எடுங்க பேசாம.”

பணம் நவம்பர் வரை வந்தது. நவம்பரில் ‘தேர்வுத் திருநாள்’ கொண்டாடினார்கள். யேசுராஜுக்கு அழைப்பு வந்தது. முதல் வரிசையில் இடம். மண்டபம் நிறைய மாலை போட்ட மின்கம்பங்கள். மின்சாரச் சந்தையின் தலைமை இயக்குநர் ஷம்சாத் மேடையேறினார். அவர் ஆங்கிலமும் உருதுவுமாகப் பேசியது தமிழில் இப்படி வரும்:

“நண்பர்களே, சந்தை திறப்பதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது? ஒரு விலை. காலையிலும் அதே விலை, மாலையிலும் அதே விலை! வாடிக்கையாளர் மின்சாரத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. பாவம், தன் தொழிலைக் கவனித்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு அவர் விடிந்து எழுந்தால் மின்சாரம், படுத்தால் மின்சாரம். தூக்கத்தில்கூட மின்சாரம். விழிப்புணர்வு என்பது இதுதான்.”

கைதட்டல்.

“விலை குறைந்ததா என்று சிலர் கேட்கிறார்கள். விலையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் குறைத்திருப்போமே, அதற்கு என் ஒரு கையெழுத்து போதும்! நாங்கள் கொடுத்தது அதைவிட உயர்ந்தது. பதினாலு கம்பெனிகளுக்கும் நானே தலைவர் என்றும் குறை சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், பதினாலு தலைவர்கள் இருந்தால் சண்டையல்லவா வந்திருக்கும்? நம்முடைய போட்டியில் இதுவரை ஒருவருக்குக்கூடக் காயமில்லை.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு விருது. ஆண்டின் மிகச் சிறந்த தேர்வாளர்: கடல் விண்மீன் ஐஸ். மண்டபத்துக்கு அதிகத் தடவை வந்தவர், அதிகத் திட்டங்களைப் பற்றி விசாரித்தவர், அதிக அபராத வகைகளை நேரில் அனுபவித்தவர். கண்ணாடிக் கோப்பை ஒன்றைக் கையில் திணித்து, மைக்கை வாய்க்கு நேரே பிடித்தார்கள்.

யேசுராஜ் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். யான்புவில் பொறுக்கிய இந்தியில் கேட்டார்: “பாய் ஸாப், எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அந்தப் பழைய கம்பெனிய நான் தேர்ந்தெடுத்துக்கலாமா?”

ஷம்சாத் அவர் தோளில் கைபோட்டார். குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னார்: “பழைய கம்பெனி எங்கேயும் போய்விடவில்லை பாய். அதுதான் பதினாலாகியிருக்கிறது. நீங்கள் ஒன்று கேட்கிறீர்கள், நாங்கள் பதினாலு கொடுத்திருக்கிறோம். இன்னும் என்ன வேண்டும்?”

ஃபோட்டோ எடுத்தார்கள். மறுநாள் பேப்பரில் வந்தது. படத்தில் யேசுராஜ் அழுகிற மாதிரி இருந்ததற்கு, ‘நெகிழ்ச்சி’ என்று கீழே போட்டிருந்தார்கள்.

அடைக்கலம் முடிந்த அன்று, கதவு திறக்கும் முன்பே மண்டபத்துக்குப் போய்விட்டார். காலாவதியான சான்றிதழைப் புதுப்பிக்கப் பணம் கட்டிவிட்டு, சப்ரீனாவின் முன்னால் உட்கார்ந்தார். பதினாலு கம்பெனிகளின் விலையையும் அவள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டினாள். பதினாலிலும் ஐம்பத்தெட்டு ஃபில்ஸ்.

“என்னம்மா இது, எல்லாம் ஒண்ணாட்டு இருக்கு?”

“அடைக்கலத்துல இருந்து வாற ஆக்களுக்குத் தனி ரேட் அங்கிள். வேற வழியில்லாதவங்க எண்டு ஒரு பிரிவு இரிக்கி.”

“அம்பத்தெட்டுக்கு ஐஸ் அடிச்சா, விக்க விக்க கடன்தான் ஏறும். நான் ஒம்பது பேருக்கு சம்பளம் குடுக்கணும். ஊரான் மீனு உள்ள கெடக்கு. கொஞ்சம் பாத்துப் போடு மக்களே.” பேரம் பேசிப் பழகிய அதே வாய்தான். ஆனால் குரல் வேறு. அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். தவறி எழுந்துவிட்டால் அதற்கு ஏதாவது பெயர் வைத்துவிடுவார்களோ என்று, காவா கொடுக்க வந்தவனிடம் கை நீட்டக்கூட முன்னால் சாயவில்லை.

சப்ரீனா இரண்டு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“அங்கிள், நான் வேலிக்கு அங்கால ரூம் எடுத்து இரிக்கிறன். அங்க ஒரே கம்பெனிதான். பில் வரும், ஏசிட்டுக் கட்டுவம். நீங்களும் அங்கால வந்திருங்களன்.”

அங்கால போக கஃபீல் வேண்டும், புது லைசன்ஸ் வேண்டும், மறுபடியும் முதலிலிருந்து பணம் வேண்டும். யேசுராஜுக்கு இருந்தது ஒரு கண்ணாடிக் கோப்பை.

“நீ நல்லாரு மக்களே” என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஸ்க்ரீனில் என்ன விழுந்தாலும் விழட்டும் என்று நடந்தார். அது எந்தக் கடைக்கும் போகிறவன் நடை அல்ல.

மீன்கள்தான் முதலில் வேலி தாண்டின. வியாபாரிகளுக்கு ஒவ்வொருவராக ஃபோன் செய்து, நெய்மீன் ஒரு பெட்டி குறையாமல் எண்ணி ஹிஃப்ஸா கோல்டு ஸ்டோரில் ஏற்றிவைத்தார். ஐந்து பேருக்கு அங்கேயே வேலை கிடைத்தது. நாலு பேருக்கு விசாவை ரத்து செய்து ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். யேசுராஜுக்கும் ஹிஃப்ஸாவில் கம்ப்ரஸர் மெக்கானிக் வேலை தந்தார்கள். யான்புவில் எதைச் செய்துகொண்டிருந்தாரோ அதே வேலை, வயது மட்டும் கூடியிருந்தது. ரெங்கராஜ் வருத்தம் தெரிவித்துச் செய்தி அனுப்பினார்.

கடைசி நாளில் கார்மேகம் மெயின் ஸ்விட்சைக் கீழே இழுத்தான். அத்தனை வருஷமாக ஓயாத உறுமல் நின்றதும் இருவருக்கும் காது அடைத்தது போலிருந்தது.

“கலாஸ்ணே” என்றான் கார்மேகம். “இனிமே ஒரு பயலும் நம்மகிட்ட கரண்டுக்குக் காசு கேக்க முடியாதுண்ணே.”

அடுத்த மாதம் ஃபோனில் பில் வந்தது. ஹிஃப்ஸாவின் கம்ப்ரஸர் ரூமில், எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு யேசுராஜ் வாசித்தார். கார்மேகம் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

உபயோகித்த மின்சாரம், பூஜ்யம் யூனிட்: 0.00
கம்பியைத் தயாராக வைத்திருந்த வகையில்: 1,150.00
எதிர்பார்த்தபடி உபயோகிக்காத வகையில்: 3,400.00
தொழிலை நிறுத்தும் முடிவைப் பரிசீலித்த வகையில்: 500.00
பூஜ்யத்தை நேரில் வந்து சரிபார்த்த வகையில்: 90.00
வாட் ஐந்து சதவீதம்: 257.00
ஆக மொத்தம்: 5,397.00
கழிவு, தாங்கள் கட்டியிருந்த டெபாசிட்: 5,000.00
தாங்கள் செலுத்தவேண்டிய பாக்கி: திர்ஹம் 397.00